மேற்றிராணியாரின் மறுபாதி

உம்முடைய மனைவி நேற்று உமது குளிர்கோட்டைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். "இவருக்கு அளவா இருக்கும், அலுமாரிக்குள்ள கிடந்து என்ன செய்யப்போகுது" என்று வாசலிலேயே நின்று என் மனைவி கமலாவிடம் சொன்னார். உள்ளே வரச் சொன்னோம். பிள்ளைகள் காரில் இருக்கிறார்கள் என்று சொல்லிப் போய்விட்டார். பூச்சி உருண்டை வாசம் அறை முழுக்கப் பரவிவிட்டது. போட்டுப் பார்த்தேன். கை கட்டை. நான் உம்மைவிட உயரம் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். கழற்ற மனம் வராமல் கட்டில் விளிம்பில் அப்படியே இருந்தேன்.

வெட்கமாக இருந்தது, மாஸ்ரர். செத்தவரின் உடுப்பைப் போட்டதற்காக அல்ல, அதெல்லாம் இந்த ஊர்க் குளிரில் பார்க்க முடியாது. உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது, எங்களிடமிருந்து ஒன்றும் திரும்பிப் போகவில்லை என்று பட்டது. நீர் இருந்தபோதும் அப்படித்தான். எதைச் சொல்கிறேன் என்று நேராகச் சொல்ல எனக்கு வராது. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளும்.

நாம் முதல் சந்தித்தது பிளின்டர்ஸ் வீதி நிலையத்தில். அப்போதெல்லாம் மெல்பேணில் எங்கள் நிறத்தில் ஒரு முகத்தைக் கண்டால் விடவும் முடியாது, பேசவும் கூச்சம். நீர் என்னைப் பார்த்தீர், நான் உம்மைப் பார்த்தேன், பிறகு இரண்டு பேரும் ஆங்கிலத்தில் மணி கேட்டுக்கொண்டோம். உம்முடைய கையிலும் மணிக்கூடு இருந்தது, என்னுடைய கையிலும் இருந்தது. அதற்குப் பிறகுதான் நீர், "ஐசே, யாழ்ப்பாணமோ?" என்றீர்.

அடுத்த கேள்வி எதுவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஊர் என்று கேட்போம். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்போம். பக்கத்தைச் சொன்னால் மிச்சத்தை ஒருவரும் கேட்பதில்லை, அது தெரிந்துவிடும். நான்தான் கேட்டேன். நீர் கடற்கரைப் பக்கம் என்றீர். எங்கள் ஊருக்கும் உங்கள் கரைக்கும் நடுவே ஒரு பனங்கூடல்தான் என்று கண்டு இருவரும் சிரித்தோம்.

"அப்ப வேதக்காரரோ?" என்றேன்.

"ஓம் ஐசே, பரம்பரை வேதம். மேற்றிராணியார் ஒருவர் தன்ர கையால தண்ணி வாத்த குடும்பம்" என்றீர்.

உம்முடைய மேற்றிராணியார் அன்றைக்கே எங்களோடு ரயிலில் ஏறிவிட்டார். நீர் ஒரு கத்தோலிக்கப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தீர். நான் ஓர் அலுவலகத்தில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டேன். இரண்டு பேருக்கும் கிளேட்டன் பக்கம் வீடு, ஒரே வண்டி. பறங்கியர் காலத்தில் எங்கள் பகுதிக்கு ஆயராக வந்த அந்த மனிதரின் வாழ்க்கையைத் தமிழில் ஒரு புத்தகமாக எழுதிவிட வேண்டும் என்பதுதான் உமக்கிருந்த ஒரே கிறுக்கு. ஆயர் என்ற புதுச் சொல் உமக்குப் பிடிக்காது, மேற்றிராணியார் என்று பழைய வாயால்தான் சொல்வீர். நான் பகிடிக்கு, "உம்மட ஆள் இப்ப எதுவரைக்கும் வந்திட்டார்?" என்று கேட்பேன். "கடலில நிக்கிறார் ஐசே, இன்னும் கரை தெரியேல்லை" என்பீர். பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவி எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு வருவாள்.

அந்த மனிதரை எனக்கும் பிடித்துப்போனது உம்மால்தான். போர்த்துக்கலில் ஏதோ உள்நாட்டுப் பட்டணத்தில் சப்பாத்துத் தைப்பவரின் மகன். பசிக்குத்தான் மடத்தில் சேர்ந்தார் என்று நீர் ஒளிக்காமல் சொல்வீர். படிப்பு வந்தது, துறவியானார், இளந்துறவிகளுக்கு வேதசாத்திரம் படிப்பித்தார். இந்தத் தூரத்து மறைமாவட்டத்துக்கு ஆள் தேடியபோது பெரிய குடும்பத்துச் சாமிமார் எல்லாருக்கும் திடீரென்று சுகமில்லாமல் போனது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத இவரின் தலையில் ஆயர் முடியை வைத்தார்கள். கப்பலில் பாதிப் பேர் காய்ச்சலில் போனார்கள். இவர் பிரேதங்களுக்கு மந்திரம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய்க் கரை இறங்கினார். முதல் பிரசங்கத்துக்குக் குரல் வரவில்லை, மொழிபெயர்க்க நின்ற துபாசிதான் தன் பாட்டுக்கு எதையோ சொல்லி முடித்தான் என்று நீர் சொன்ன நாள் நான் சிரித்த சிரிப்பில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பிறகு சிரிப்பு குறைந்தது. பறங்கிப் படைத்தலைவன் கப்பித்தான் எங்கள் ஊர்க் கோயிலை இடிக்க ஆள் அனுப்பியபோது மேற்றிராணியார் தடுக்கவில்லை. பல்லக்கில் வந்து நின்று பார்த்தார். அந்தக் கல்லைக் கொண்டுபோய்க் கரையில் தேவாலயத்துக்கு அத்திவாரம் போட்டார்கள், முதல் கல்லுக்கு அவரே தீர்த்தம் தெளித்தார். ஊர்ச் சனம் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை என்று நீர் சொன்னீர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ரயில் ஜன்னலைப் பார்த்தீர். எனக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. "அது ஆர் எவர் காலத்துக் கதை, விடும்" என்றேன்.

"பொறும், இன்னும் முடியேல்லை" என்றீர்.

அந்தத் தேவாலயம் கட்டி முடிந்து முதல் பெரிய வியாழன் வந்தது. யேசு தம் சீடரின் கால்களைக் கழுவிய நினைவாக ஆயர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவ வேண்டும். ஊரில் பெரிய குடும்பங்களாக இருந்து வேதத்துக்கு மாறியவர்கள் பட்டுச் சால்வையோடு முன்வாங்கில் வந்திருந்தார்கள். மேற்றிராணியார் அவர்களைத் தாண்டிப் பின்னால் போய், வலை இழுக்கிறவன், மரம் ஏறுகிறவன், பறை அடிக்கிறவன் என்று பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு இருத்தினார். இடித்த கோயிலின் வாசற்படியைக்கூட மிதிக்க விடப்படாதவர்கள். அவர்களின் காலை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். பெரிய குடும்பங்கள் எழும்பிப் போய்விட்டன. கோவைக்கு முறைப்பாடு போனது, அதாவது கோவாவுக்கு, அப்போது அதுதான் எல்லாருக்கும் மேலிடம். அடுத்த வருஷமும் அவர் அதே ஆட்களைத்தான் இருத்தினார். அதோடு திருப்பி அழைத்துவிட்டார்கள். முடியையும் கோலையும் வாங்கிக்கொண்டு ஒரு மடத்தில் மூலை அறை கொடுத்தார்கள். கடைசிவரை அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்து செத்துப்போனார்.

"அந்தப் பன்னிரண்டு பேரில எங்கட கிழவர் ஒருத்தர் இருந்தவர் எண்டு எங்கட வீட்டில சொல்லுறது. உண்மையோ பொய்யோ தெரியாது" என்றீர். கிளேட்டன் வந்துவிட்டது. மேடையில் நின்று இன்னொன்றும் சொன்னீர்: "இடிச்சதும் அவர்தான் ஐசே, கழுவினதும் அவர்தான். ஒண்டை விட்டிட்டு மற்றதைச் சொன்னால் அது பொய்."

அந்தப் பேச்சை நீரே காப்பாற்ற முடியாமல் போனதுதான் உமக்கு நோயாகிப் போனது. உங்கள் பங்குச் சுவாமியார் ஒரு ஞாயிறு மாலை பங்கு மண்டபத்தில் மேற்றிராணியாரைப் பற்றிப் பேசச் சொன்னார். எங்களையும் வரச் சொன்னீர். நானும் கமலாவும் போய், தேங்காய்ப்பூத் தூவிய கேக்கும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு நடுவில் இருந்தோம். அயர்லாந்துக் கிழவிகள், இத்தாலியக் குடும்பங்கள், பின்னல் வேலையோடு வந்த அம்மாமார். நீர் நல்ல சூட்டுப் போட்டிருந்தீர். மடம், கப்பல், காய்ச்சல், கட்டிய தொண்டை எல்லாம் அழகாக வந்தது. பிறகு உம்முடைய கை தாள்களைச் சேர்த்து ஒரு பிடியாகப் புரட்டியதைக் கண்டேன். கோயில் இடித்த கதை போய்விட்டது. நேரே பெரிய வியாழனுக்கு வந்துவிட்டீர். கால் கழுவிய இடத்தில் கிழவிகள் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்தார்கள். சுவாமியார் எழும்பி நின்று கை தட்டினார்.

கார் நிற்கும் இடத்தில் உம்முடைய முகம் வெளிறிப்போய் இருந்தது. "நல்லாப் பேசினனீர்" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"பாதி ஆளைத்தான் சொன்னனான். அவையின்ர முகத்தைப் பாத்தன், வாய் வரேல்லை. உம்மட முகத்தைப் பாத்தன், அதுக்கும் வரேல்லை" என்றீர். நான் உமது தோளில் தட்டி, இந்தக் கேக்குச் சாப்பிட வந்த சனத்துக்கு எங்கள் ஊர்க் கோயில் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன என்றேன். நீர் சிரிக்கவில்லை.

பிறகு பல வாரம் நீர் வேறு வண்டியில் போனீர். சனிக்கிழமைச் சந்தைக்கும் வரவில்லை. மீன்காரனிடம் தலைகளை இனாமாக வாங்க எனக்குத் தெரியாது, அதுவும் உம்முடைய வேலைதான். வேறு கோபம் இருக்குமோ என்று நான் உள்ளுக்குள் குழம்பிக்கொண்டிருக்க, ஒரு பின்னேரம் வீட்டு வாசலில் வந்து நின்றீர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சைவக் குடும்பங்கள் கூடித் தேவாரம் பாடுவோம், அந்த நாளில் இந்த நகரத்தில் எங்களுக்குக் கோயில் என்று இருந்தது அந்த முன்னறைதான். அப்படி ஒரு வெள்ளியில் வந்து, அன்றைக்கு மண்டபத்தில் விட்ட பாதியை எங்களுக்கு வாசிக்க வேண்டும் என்றீர்.

"என்னத்துக்கு?" என்றேன்.

"மன்னிப்புக் கேக்க" என்றீர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரிச் சங்கடமும் வந்தது. நீர் பிறக்க எத்தனையோ தலைமுறைக்கு முன் செத்துப்போன ஒரு பறங்கிக்காக நீர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்டேன். "அவர் வாத்த தண்ணியை நாங்கள் வேண்டினனாங்கள். பேரையும் வேண்டினனாங்கள். அந்தக் கல்லிலதான் நான் சின்னனில பூசைக்கு முழங்காலில நிண்டனான். அப்ப இதையும் நான்தானே ஏற்க வேணும்" என்றீர். வாரும் என்றேன்.

மாமிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கமலாவின் தாய், என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. எங்களோடு வந்து தங்கி, எங்கள் வெள்ளிக்கிழமைகளை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். சுண்டல் அவிப்பது, பிரசாதம் பிரிப்பது, யார் எந்தத் தேவாரம் பாடுவது, எல்லாம் அவர் சொல்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கமலாவைப் பார்த்து, "உவர் ஆர் ஆக்கள்?" என்றார்.

"அம்மா, இது மெல்பேண்" என்றாள் கமலா.

"மெல்பேணுக்கு வந்தால் ஆக்கள் மாறிப்போவினமோ?" என்றார் மாமி. கோபமாக அல்ல, சமையலுக்கு உப்புப் போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அவருக்குக் கடற்கரைப் பக்கம் என்று சொன்னால் போதும். நான்தான் சொன்னேன்.

நீர் அந்த வெள்ளி வந்தீர். வாசலிலே சப்பாத்தைக் கழற்றி, தோட்டத்துக் குழாயில் கால் கழுவிவிட்டு வந்தீர், குளிர்காலத்தில். தேவாரம் முடியும்வரை சுவரோடு நின்றீர். முடிந்ததும் நான் உம்மை அறிமுகம் செய்தேன், நீர் தாள்களை விரித்தீர்.

நான் உம்மையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மேற்றிராணியாரின் முழுப்பெயரையும் சொல்லித் தொடங்கினீர். எந்தச் சந்நிதி முதலில் விழுந்தது, எந்தக் குளத்தில் விக்கிரகங்களை ஒளித்தார்கள், எந்தக் கல் எந்தத் தூணுக்குப் போனது என்று எல்லாவற்றையும் வாசித்தீர். மழுப்பவில்லை, காலம் அப்படி என்று சொல்லவில்லை. கடைசியில் தாளை மடித்துவிட்டு, "எங்கட ஆள் செய்தது. நான் அவற்ற வேதத்தில இருக்கிறன். உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன்" என்று கை கூப்பினீர்.

யாரோ ஒரு பெண் அழுதார். மாமிதான் பேசினார். "அதெல்லாம் எப்பவோ நடந்து முடிஞ்சது மாஸ்ரர். நாங்கள் மனசில வைச்சிருக்கேல்லை. நீங்கள் வந்து சொன்னதே பெரிய காரியம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு எங்கள் ஆட்களை நினைக்கப் பெருமையாக இருந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

ஏனென்றால் அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்று உண்டு. நீர் மறுபடியும் பாதியைத்தான் வாசித்திருந்தீர். பெரிய வியாழனைக் காணோம். கால் கழுவியது இல்லை, எழும்பிப் போன பெரிய குடும்பங்கள் இல்லை, கோவா இல்லை, மூலை அறை இல்லை. உம்முடைய வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிய அந்தக் கிழவரும் இல்லை. அந்தப் பாதியை எங்களுக்கு வாசித்தால், இடித்த கோயிலுக்குள் யாரை விடவில்லை என்ற கேள்வி வரும். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் எங்களைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று விட்டீர். நீர் அதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் உம்மை எனக்குத் தெரியாதா?

பிறகு சாப்பாடு. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பந்திதான். முன்னறையில் பாய் விரித்து எல்லாரும் வரிசையாக நிலத்தில் இருப்போம். நீரும் இருக்கப் போனீர். மாமி ஓடி வந்தார்.

"ஐயோ மாஸ்ரர், நீங்கள் கதிரையில இருந்து பழகின ஆள், வேதக்காரருக்குக் கீழ இருக்க ஏலாதெல்லோ. குசினியில மேசை போட்டு எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறன், வாருங்கோ."

அவ்வளவு அன்பாகச் சொன்னார், மாஸ்ரர். கேட்ட யாரும் உபசாரம் என்றுதான் நினைப்பார்கள். நீர் ஒரு கணம் அவரைப் பார்த்தீர். "ஓம் அன்ரி, எனக்கு முழங்கால் நோவும் இருக்கு" என்றீர்.

முழங்கால் நோ. ஞாயிறு தவறாமல் முழங்காலில் நின்று செபிக்கிற ஆளுக்கு. சந்தையில் மீன்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற ஆளுக்கு. மாமியின் பொய் விழாமல் இருக்க நீரும் ஒரு கை கொடுத்தீர். கமலா என்னைப் பார்த்தாள், நான் என் சில்வர்க் கோப்பையைப் பார்த்தேன். சோறு வந்தது, சாம்பார் வந்தது. உள்ளே குசினியில் கரண்டி மேசையில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. எங்களுக்கு ஒருவருக்கும் கரண்டி தரவில்லை. பந்தியிலிருந்து பாதியில் எழும்பினால் இருக்கிற எல்லாரையும் அவமதித்ததாகும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதைத் தெரிந்துகொண்டுதான் எழும்பினேன். எழும்பியது பெரிய வீரம் என்று நினைக்காதேயும். கரண்டிச் சத்தம் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நீர் சின்ன மேசையில் சுவரைப் பார்த்தபடி இருந்தீர். கடதாசிக் கோப்பை, கடதாசிக் குவளை. என்னைக் கண்டதும், "ஏன் ஐசே எழும்பி வந்தனீர்? போம், போய் இரும். பந்தியில எழும்பக் கூடாது" என்றீர்.

"மாமி பழைய ஆள்..." என்று தொடங்கினேன்.

"விடும். அவ மன்னிச்சவ. எனக்கு அது காணும்" என்றீர். உண்மையாகவே உம்முடைய முகம் தெளிந்திருந்தது. பல வாரமாகக் காணாத முகம். அதைப் பார்க்க எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு கரண்டியால் சோற்றைக் குழைத்தபடியே, ஊர்ச் செய்தி சொல்வதுபோலச் சொன்னீர். "எங்கட கிழவர் வேதத்துக்கு வந்தாரெல்லோ, அவற்ற தமையன் வரேல்லை. சைவமா நிண்டிட்டார். அவற்ற ஆக்கள் இப்பவும் பனங்கூடலுக்கு அங்கால இருக்கினம். நாங்கள் அவையோட போக்குவரத்துத்தான்."

"ஓ" என்றேன்.

"போன விடுமுறைக்குப் போகேக்க அவையிட்டையும் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டனான். அவைக்குச் சிரிப்பு. கோயில் நிண்டாலென்ன இடிஞ்சாலென்ன, நாங்கள் வீதியில நிண்டுதானே கும்பிட்டனாங்கள் எண்டு சொல்லிச்சினம். உள்ளுக்குப் போகப் போறம் எண்டு கொஞ்ச வருசத்துக்கு முதல் வந்து நிண்டு அடிவாங்கினதும் அவையின்ர பெடியள்தான். கதவைப் பூட்டிப்போட்டினமாம்." நீர் தண்ணீரைக் குடித்தீர். "உமக்குத் தெரியாமல் இருக்கும், நீர் அப்ப கொழும்பில."

எனக்குத் தெரியும், மாஸ்ரர். நான் கொழும்பில்தான் இருந்தேன், ஆனால் தெரியும். மேற்றிராணியாரின் ஆட்கள் இடித்த இடத்தில் பிறகு எங்கள் ஆட்கள் மறுபடி கட்டிய அந்தக் கோயிலுக்கு என் அப்பா தர்மகர்த்தா. அந்த நாள் உள்ளே நின்று கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டவர் அவர்தான். எங்கள் வீட்டில் அது வெட்கப்பட வேண்டிய கதையாக இருந்ததில்லை. பொங்கல், தீபாவளிக்குச் சொல்லும் கதை. "அண்ணை அசையேல்லை" என்று மாமி இந்தக் குசினியிலேயே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

நீர் அறிந்து சொன்னீரா, அறியாமல் சொன்னீரா? அதை இன்றுவரை எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. அறிந்திருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பீர் என்று சில நேரம் நினைப்பேன். அறிந்ததால்தான் பார்க்கவில்லை என்று சில நேரம். நான் வாய் திறக்கவில்லை. மாமி பாயாசத்தோடு உள்ளே வந்தார், நீர் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "போட்டு வாறன் அன்ரி" என்று சொல்லிப் போனீர்.

அதன் பிறகு நீர் பழைய நீர் ஆகிவிட்டீர். அதே வண்டி, அதே பகிடி, மீன்தலை. புத்தகத்தை முழுதாக எழுதினீர், இரண்டு பாதியையும் வைத்து. அச்சில் வரவில்லை, அது வேறு கதை. எனக்குத்தான் உம்முடைய பக்கத்தில் இருக்கக் கூச்சமாகிவிட்டது. ரயிலில் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். நான் ஏதோ அலுவலகத் தொல்லையில் இருக்கிறேன் என்று நினைத்து, நீர் எனக்காகச் செபிக்கிறதாகச் சொன்னீர். பிறகு ஒரு காலை வகுப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர், பிறகு எழும்பவில்லை என்று செய்தி வந்தது.

இந்த வெள்ளி, தேவாரம் முடிந்ததும் நான் எழும்பி நின்றேன். ஏனென்று யோசித்து எழும்பவில்லை. "மாஸ்ரர் அண்டைக்கு இங்க வாசிச்சது பாதிதான்" என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள். மாமி கற்பூரத் தட்டை வைத்துவிட்டு, உண்மையான ஆவலோடு, "மிச்சம் என்ன தம்பி?" என்றார். உமக்குத் திவசம்போல அவர் அன்றைக்கு உமக்கென்று ஒரு தேவாரம் பாடியிருந்தார். "நல்ல மனுசன்" என்று இரண்டு முறை சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு இரண்டாவது வசனம் வரவில்லை. "பேந்து சொல்லுறன் மாமி" என்று இருந்துவிட்டேன். சுண்டல் வந்தது.

செத்த உம்மிடம் தாளில் மன்னிப்புக் கேட்பது சுகமான வேலை. நீர் பதில் சொல்ல மாட்டீர், கேட்பவனுக்கும் ஒன்றும் போகாது. நீர் செய்தது அப்படி அல்ல. உயிரோடு இருக்கிறவர்கள் முன்னால் நின்று, உமக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிச் சொன்னீர். அதனால் இதை உமக்கு எழுதினாலும், வருகிற வெள்ளி அவர்களுக்குத்தான் வாசிக்க வேண்டும். கால் கழுவியதை வாசிக்க எனக்குப் பயமில்லை, உங்கள் ஆட்கள் அடிவாங்கியதையும் வாசித்துவிடுவேன். நீர் உம்முடைய மேற்றிராணியாரின் பெயரைச் சொல்லித் தொடங்கினீர். நான் மாமியின் முன்னால் அப்பாவின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும். அப்பா இன்னும் இருக்கிறார், மாஸ்ரர். ஒவ்வொரு மாதமும் எனக்கு விபூதி அனுப்புகிறார்.